தூசியை ஊதும் காட்சி: 'செல்லுலாய்ட் மேன்' டிவிடி பற்றிக் கொஞ்சம், சினிமாவில் வரும் காப்பாளர்கள் பற்றி நிறைய

சினிமாவில் ஒரு ஆவணக் காப்பகம் வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பாதி இருட்டில் ஒரு அறை, கூரை வரைக்கும் கட்டுகள், மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட வயதானவர் ஒருவர். ஹீரோ வந்து ஒரு வருடத்தைச் சொல்வார். இவர் எழுந்து உள்ளே போய் அரை நிமிடத்தில் சரியான கட்டோடு திரும்பி வந்து, மேலே படிந்த தூசியை வாயால் ஊதிவிட்டு நீட்டுவார். அதோடு அவர் படத்திலிருந்து போய்விடுவார்.

நான் சென்னையில் ஒரு சின்னக் காப்பகத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். பழைய அச்சுப் புத்தகங்கள், நின்றுபோன இதழ்கள், பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீஸ்கள், இவைதான் எங்கள் சொத்து. எங்களில் யாரும் தூசியை ஊத மாட்டோம். ஊதினால் காகிதத்தில் இருக்கும் பூஞ்சை நம் நுரையீரலுக்குப் போகும், வாய் ஈரம் காகிதத்துக்குப் போகும். முகத்தில் மாஸ்க், கையில் மெத்தென்ற பிரஷ், தையல் பக்கத்திலிருந்து வெளியே பார்த்துத் துடைக்க வேண்டும். படங்களில் தவறாமல் வரும் அந்த வெள்ளைக் கையுறையும் அப்படித்தான். காகிதத்துக்கு நன்றாகக் கழுவி ஈரம் போகத் துடைத்த வெறும் கைதான் நல்லது, ஏனென்றால் கையுறை போட்ட விரலுக்கு ஓரம் எங்கே நொறுங்கப்போகிறது என்று தெரியாது. கையுறை புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும்தான். கேட்ட கட்டு அரை நிமிடத்தில் கைக்கு வருகிறது என்றால், யாரோ ஒருவர் பல வருடம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து அட்டவணை எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். அந்த யாரோவைச் சினிமா காட்டுவதே இல்லை.

அதனால்தான் 'செல்லுலாய்ட் மேன்' எனக்கு இவ்வளவு பெரிய விஷயம். ஷிவேந்திர சிங் துங்கர்பூர் எடுத்து 2012இல் வந்த ஆவணப்படம். சுமார் இரண்டரை மணி நேரம். பூனாவில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை உருவாக்கிய பி. கே. நாயர் பற்றியது. இரண்டு தேசிய விருது வாங்கியது. இந்தியாவில் தியேட்டருக்கு வந்தது 2013 மே 3, அதாவது இந்தியாவின் முதல் முழுநீளப் படமான பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளியாகிச் சரியாக நூறு வருடம் ஆன நாள். நான் அப்போது பார்க்கவில்லை. பிரிட்டனில் செகண்ட் ரன் நிறுவனம் வெளியிட்ட டிவிடியை ஒரு நண்பர் கொண்டுவந்து கொடுத்தார், அதைத்தான் இதுவரை மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஒரு தடவை தனியாக, அப்புறம் ஆபீசில் எல்லோரோடும், அப்புறம் இதை எழுதுவதற்காக.

முதலில் மற்ற காப்பாளர்களைப் பார்த்துவிடலாம், அப்போதுதான் நாயரைப் பார்க்கும்போது வித்தியாசம் புரியும்.

'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 2002இல் வந்த படத்தில் ஜோகாஸ்டா நூ என்று ஒரு மூதாட்டி ஜெடாய் என்னும் வீரர்களின் காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறார். அந்த வீரர்களில் ஒருவனான ஓபி-வான் ஒரு கிரகத்தைத் தேடி வருகிறான், பதிவில் இல்லை. எங்கள் பதிவில் இல்லை என்றால் அது இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லிவிடுகிறார் அந்த அம்மா. உண்மையில் யாரோ அதைக் காப்பகத்திலிருந்து அழித்திருக்கிறார்கள். எங்கள் வேலை தெரிந்த யாரும் அந்த வசனத்தைச் சொல்ல மாட்டார்கள். ஒன்று பதிவில் இல்லை என்றால் எங்களுக்கு வரும் முதல் சந்தேகமே நம் பதிவின் மேல்தான். எழுத்துக்கூட்டு மாறியிருக்குமோ, தலைப்பு இல்லாத கட்டில் இருக்குமோ, வேறு புத்தகத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டார்களோ என்று தேடுவோம். பழைய காலத்தில் நாலைந்து சிறு நூல்களை ஒரே அட்டையில் தைத்து வைப்பார்கள், முதல் நூலின் பெயர் மட்டும் பதிவில் ஏறியிருக்கும். அப்படி ஒளிந்திருந்தவற்றை நானே பல தடவை கண்டெடுத்திருக்கிறேன். இருந்தாலும் அந்தப் படம் தெரிந்தோ தெரியாமலோ ஒரு உண்மையைத் தொட்டுவிட்டது: ஒன்றைக் காணாமல் ஆக்க வேண்டும் என்றால் பொருளைத் தொடவே வேண்டாம், அட்டவணையில் ஒரு வரியை எடுத்தால் போதும்.

அடுத்தது கதவைக் காக்கும் காப்பாளர். உம்பர்ட்டோ எக்கோவின் 'ரோஜாவின் பெயர்' நாவலில் வரும் ஹோர்ஹே இதில் உச்சம். யாரும் படித்துவிடக் கூடாது என்று புத்தகத்தின் பக்கங்களில் விஷத்தைத் தடவி வைக்கும் குருட்டுத் துறவி. கடைசியில் நூலகமே எரிந்துபோகிறது. நாவலாக எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் எங்கள் தொழிலைப் பற்றிச் சாதாரண ஜனங்களின் மனதில் இருக்கும் பயத்துக்கு உருவம் கொடுத்தவர்களில் ஹோர்ஹேவும் ஒருவர். 'சிட்டிசன் கேன்' படத்திலும் ஒரு சின்னக் காட்சி உண்டு. தாட்சர் என்ற வங்கிக்காரரின் நினைவு நூலகத்துக்குப் போகும் பத்திரிகையாளரிடம், தாட்சர் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதியில் 83ஆம் பக்கத்திலிருந்து 142 வரைக்கும்தான் படிக்கலாம், நாலரை மணிக்கு எழுந்துவிட வேண்டும் என்று ஒரு பெண்மணி கண்டிப்போடு சொல்வார். பார்ப்பவர்களுக்கு அவர் மேல் கோபம் வரும். எனக்கு வரவில்லை. நூலகத்தின் பொறுப்பாளர்கள் போட்ட நிபந்தனை அது, அப்படிப்பட்டதைக் காப்பாற்றினால்தான் அடுத்த குடும்பம் நம்பித் தன் வீட்டுக் காகிதத்தைக் கொடுக்கும்.

'நேஷனல் ட்ரெஷர்' (2004) பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு நகர்கிறேன். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் பின்பக்கத்தில் எலுமிச்சைச் சாறு தேய்க்கிறார்கள், தேசிய ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் நாயகியும் கூடவே இருக்கிறார். என்னால் அந்தக் காட்சியை நேராகப் பார்க்க முடியவில்லை.

சரி, நாயர்.

1933இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். சின்ன வயதில் மணல் தரையில் படுத்துக்கொண்டு படம் பார்த்தவர். அவர் நினைவில் முதலில் நிற்கும் படங்களில் ஒன்று கே. சுப்பிரமணியத்தின் 'அனந்தசயனம்'. 'தியாகபூமி' எடுத்த அதே சுப்பிரமணியம்தான். அந்தத் 'தியாகபூமி' பிரதி இன்று பூனாவில் நாயர் கட்டிய காப்பகத்தில் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. படம் பார்த்துவிட்டு வந்தால் அந்தப் பையன் டிக்கெட் துண்டைத் தூக்கிப் போட மாட்டான். எடை பார்க்கும் மிஷினிலிருந்து விழும் சீட்டைக்கூடச் சேர்த்து வைப்பான், அதில் நடிகர் நடிகையர் படம் இருக்கும் என்பதால். நம் ஊர் ரயில்வே ஸ்டேஷன்களில் காசு போட்டு அந்தச் சீட்டை வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

1961இல் பூனா திரைப்படக் கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்கிறார். காப்பகம் 1964இல் ஆரம்பிக்கிறது, அடுத்த வருடம் அதில் உதவிக் காப்பாளர் ஆகிறார். 1982இல் இயக்குநர், 1991இல் ஓய்வு. அந்த இடைவெளியில் சுமார் 12,000 படங்கள் சேர்ந்துவிட்டன, அதில் 8,000 இந்தியப் படங்கள். எண்ணைப் படிப்பது எளிது. ஒரு முழுநீளப் படம் என்றால் பத்துப் பன்னிரண்டு ரீல், ஒவ்வொன்றும் கனமான ஒரு தகர டப்பா, ஒவ்வொன்றையும் திறந்து, முகர்ந்து, மேசையில் போட்டுச் சுற்றிப் பார்த்து, எத்தனை அடி, எங்கே ஒட்டு, எங்கே கீறல் என்று எழுத வேண்டும். முகர்வது என்று நான் சொன்னது உண்மையிலேயே மூக்கால்தான். அசிடேட் பிலிம் கெட ஆரம்பித்தால் வினிகர் வாடை அடிக்கும், அந்த வாடை ஒரு டப்பாவில் வந்தால் பக்கத்து டப்பாவுக்கும் ஆபத்து. அதற்கு முந்திய நைட்ரேட் பிலிம் இன்னும் மோசம், தீப்பிடித்தால் தண்ணீருக்கு அடியிலும் எரியும். 2003இல் பூனாவில் நைட்ரேட் ரீல்கள் இருந்த கிடங்கு எரிந்து நூற்றுக்கணக்கான படங்களின் ரீல்கள் போய்விட்டன.

படத்தில் நாயர் கைத்தடியோடு மெதுவாக நடந்து வருகிறார், எண்பதை நெருங்கும் வயது. ஒரு காட்சியைப் பற்றிப் பேச்சு வந்தால் அது எத்தனையாவது ரீலில் வருகிறது என்று சேர்த்துச் சொல்கிறார். மற்றவர்கள் இதை ஞாபக சக்தி என்று வியப்பார்கள், எனக்கு அது பழக்கம் என்று தெரியும். இருட்டில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தவர் அவர். கை அதையே ஆயிரம் தடவை செய்தால் தலை தானாக வைத்துக்கொள்ளும். எங்கள் காப்பகத்தில் மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார், 1930களின் பாட்டுப் புத்தகம் எதைக் கேட்டாலும் அட்டை என்ன நிறம் என்று சொல்லிவிட்டுத்தான் அலமாரிக்கு நடப்பார். நாயர் ரீல் எண் சொன்ன இடத்தில் ஆபீசில் எல்லோரும் திரும்பி அந்த அக்காவைத்தான் பார்த்தார்கள்.

என்னை உலுக்கிய இடம் 'ஆலம் ஆரா' கதை. 1931இல் வந்த இந்தியாவின் முதல் பேசும் படம். அதை எடுத்த அர்தேஷிர் இரானியை நாயர் நேரில் போய்ப் பார்க்கிறார். சில ரீல்கள் ஸ்டூடியோவில் எங்கேயோ இருக்கும் என்று பெரியவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அதையெல்லாம் வெள்ளிக்காக எப்போதோ கொடுத்தாகிவிட்டது என்று மகன் நாயரிடம் தனியாகச் சொல்கிறார். கறுப்பு வெள்ளை பிலிமில் வெள்ளி இருக்கிறது, கழுவி எடுத்தால் காசு. ஓடி முடித்த படத்துக்கு அந்தக் காலத்தில் வேறு மதிப்பு இருக்கவில்லை. இதைச் சொல்லும்போது நாயரின் குரலில் கோபம் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் தொண்டை அடைத்தது. ஏனென்றால் இதே மாதிரி ஒரு வீட்டு வாசலில் நானும் நின்றிருக்கிறேன். தெற்கே ஒரு ஊரில் பழைய அச்சகம் ஒன்றை மூடுகிறார்கள், மூன்று தலைமுறைப் புரூப்களும் கணக்குகளும் இருக்கின்றன என்று தகவல் வந்து வேனோடு போனோம். இரண்டு நாளைக்கு முன்னால் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது, கிலோக் கணக்கில். வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், எங்களுக்குக் காபி கொடுத்தார்கள், இவ்வளவு தூரம் வந்தீர்களே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். திரும்பி வரும் வழியில் வேனில் யாரும் பேசவில்லை.

'ஆலம் ஆரா' வந்த அதே வருடம் வந்த தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' இன்று இல்லை. நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படம் 'கீசக வதம்' இல்லை. இந்தியாவில் ஊமைப்படக் காலத்தில் எடுக்கப்பட்டவை சுமார் 1,700, நாயரால் காப்பாற்ற முடிந்தது ஒன்பது. பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வில் நாலு ரீலில் முதலும் கடைசியும்தான் மிச்சம். பால்கேயின் குடும்பத்தாரைத் தேடிப் போய்க் கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்தவற்றால்தான் நமக்கு 'காளிய மர்தனம்' கிடைத்தது, அதில் குட்டிக் கண்ணனாக ஆடுவது பால்கேயின் மகள் மந்தாகினி.

காப்பாளர் என்றால் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் உடைகிறது. வேலையின் பாதி வெளியே. பஸ் பிடித்துப் போய், அறிமுகம் இல்லாத வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் தாத்தாவைப் பற்றிச் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, மூன்றாவது தடவை போகும்போது பரண் மேல் ஏற அனுமதி வாங்குவது. 'மார்த்தாண்ட வர்மா' (1933) என்ற மலையாள ஊமைப்படத்தின் கதையும் அப்படித்தான். மூல நாவலின் உரிமை வைத்திருந்த பதிப்பகம் வழக்குப் போட்டுப் படத்தை நிறுத்திவிட்டது, பிரதி பதிப்பகத்திடமே பல வருடம் கிடந்து 1974இல் பூனா காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. வழக்கில் மாட்டியதால் தியேட்டரில் ஓடாமல் போன படம், வழக்கில் மாட்டியதாலேயே பிழைத்தும் கொண்டது.

ஹெக்கோடு வரும் பகுதியைப் பார்க்காமல் விடாதீர்கள். கர்நாடகத்தில் பாக்குத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் கிராமம், நீநாசம் நாடக அமைப்பு இருக்கும் இடம். நாயர் பூனாவிலிருந்து பிரிண்ட்களை அங்கே அனுப்பி வைத்திருக்கிறார். தோட்ட வேலை செய்கிறவர்கள் 'பைசைக்கிள் தீவ்ஸ்', 'பதேர் பாஞ்சாலி', 'ரஷோமோன்' பற்றிச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தைப் பேசுவது போலப் பேசுகிறார்கள். ஒரு பிரிண்ட்டை வெளியே அனுப்பினால் அது தேயும், கிழியும், திரும்பாமலும் போகலாம். அனுப்பாமல் பூட்டி வைத்தால் எதற்காகக் காப்பாற்றினோம்? எங்கள் தொழிலில் தினமும் வரும் சண்டை இது. நாயர் எந்தப் பக்கம் என்பதை அந்தக் கிராமத்து முகங்கள் சொல்கின்றன. ஹோர்ஹேவுக்குப் பதில் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. பெரிய மனிதர்கள் வரிசையாக வந்து புகழ்கிறார்கள். நசீருதீன் ஷா, ஜெயா பச்சன், குல்சார், மிருணாள் சென், கமல்ஹாசன், போலந்திலிருந்து இயக்குநர் சனுஸி என்று நீண்டுகொண்டே போகிறது, நடுவில் ஒரு அரை மணி நேரம் ஒரே விஷயத்தைப் பலர் குரலில் கேட்பது போல் இருக்கிறது. குருவுக்கு மாணவர் கட்டிய மாலை இது, அதில் தப்பில்லை. ஆனால் என் பெரிய வருத்தம் வேறு. 12,000 படங்களை ஒரு ஆள் தூக்கியிருக்க முடியாது. டப்பா தூக்கியவர்கள், ஒட்டுப் போட்டவர்கள், கார்டு எழுதியவர்கள், புரொஜக்டர் ஓட்டியவர்கள் எல்லோரும் ஓரமாகவே நிற்கிறார்கள். ஒற்றை ஆள் வீரம் என்று காட்டினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த ஆள் ஓய்வு பெற்ற பிறகு காப்பகம் ஏன் தளர்ந்தது என்ற கேள்விக்கு அங்கேதான் பதில் இருக்கிறது. படம் தளர்ச்சியைக் காட்டுகிறது, காரணத்துக்குள் போதுமான அளவு போகவில்லை.

படமாக்கிய விதம் அருமை. 11 ஒளிப்பதிவாளர்கள், அதுவும் பிலிமிலேயே எடுத்திருக்கிறார்கள். நான் பார்த்த பிரதியில் ஆங்கில சப்டைட்டில் இருக்கிறது, தமிழ் இல்லை. இந்தி, ஆங்கிலம், கன்னடம் என்று மாறி மாறிப் பேசுவதால் ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களோடு பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கும். என் அப்பாவுக்கு நான் அப்படித்தான் சொன்னேன்.

இதோடு சேர்த்து, அதே 2013இல் வந்த மலையாளப் படம் 'செல்லுலாய்ட்' பார்த்துவிடுங்கள், மலையாள இயக்குநர் கமல் எடுத்தது (கமல்ஹாசன் இல்லை). மலையாளத்தின் முதல் படத்தை எடுத்துவிட்டு எல்லாம் இழந்து அகஸ்தீஸ்வரத்தில் ஒதுங்கி வாழ்ந்த ஜே. சி. டேனியல் கதை. பிருத்விராஜ் நடித்ததைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள், எனக்கு முக்கியம் ஸ்ரீனிவாசன் செய்த சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் பாத்திரம். ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறி, மலையாளத்தின் முதல் படத்தை எடுத்தவர் இவர்தான் என்று நிறுவப் போராடும் ஆள். அந்தப் படத்தில் ரீலை வீட்டுப் பையனே விளையாட்டாக எரித்துவிடுவான். நீல நிறத்தில் எரிவதைச் சிரித்துக்கொண்டு பார்க்கும் ஒரு குழந்தை, அதைவிடக் கொடுமையான காட்சியை நான் பார்த்ததில்லை.

புத்தகம் என்றால் சரமாகோவின் 'எல்லாப் பெயர்களும்', 1997. பிறப்பு இறப்புப் பதிவகத்தில் சாதாரணக் குமாஸ்தா ஒருவர். செத்தவர்களின் கட்டுகள் கூடிக்கொண்டே போவதால் பின்சுவரை இடித்து இடித்துத் தள்ளிக் கட்டுகிறார்கள். ஆராய்ச்சிக்கு வந்தவர் ஒருவர் உள்ளே வழி தெரியாமல் தொலைந்துபோன பிறகு, உள்ளே போகிறவர்கள் காலில் கயிறு கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று உத்தரவு. கற்பனைதான், ஆனால் இடம் போதாமல் போகும் பயத்தை இதைவிட யாரும் சரியாகச் சொன்னதில்லை. எங்களுக்கும் வருடா வருடம் அலமாரி எங்கே போடுவது என்பதுதான் பெரிய கூட்டத்தின் முதல் பேச்சு.

நாயர் 2016 மார்ச் 4ஆம் தேதி பூனாவில் காலமானார். அதே மாதம் 21ஆம் தேதி சென்னையில் பிலிம் நியூஸ் ஆனந்தன் காலமானார். தமிழ்ப் படங்களின் தேதி, நடிகர், டெக்னீஷியன் பெயர், ஸ்டில் என்று வாழ்நாள் முழுக்கத் தன் வீட்டில் சேர்த்து வைத்த மனிதர். தமிழ் சினிமா பற்றி யார் எந்தத் தகவல் எழுதினாலும் அதன் வேர் எங்கோ அவர் நோட்டில் இருக்கும். பூனாவில் படித்த பாலு மகேந்திராவே, 'வீடு', 'சந்தியா ராகம்' படங்களின் நெகட்டிவ் இன்று இல்லை என்று வேதனையோடு பேசிவிட்டுப் போன ஊர் இது. ஆனந்தனைப் பற்றி, கோட்டையூரில் வீடு நிறையப் புத்தகமும் நோட்டீசும் சேர்த்த ரோஜா முத்தையாவைப் பற்றி, இப்படி ஒரு இரண்டரை மணி நேரப் படத்தை யாராவது எடுத்தால் நான் எங்கள் அலமாரிகளைத் திறந்து காட்டத் தயார். எடுக்க வருகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள், அந்தத் தூசியை மட்டும் ஊதச் சொல்லாதீர்கள்.